செடிக்கு எது இருட்டு? தூரச்சிவப்பு ஒளியும் பூக்கும் காலமும்

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் தாவரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே அச்சிடப்படுகிறது.)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது அரை மணி நேரம். பன்னிரண்டரைக்குப் பந்தி என்பதையும் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்று மாலைப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. நம் துறையின் பின்பக்கம் இருக்கும் பழைய ஸ்டோர் ரூமைச் சீர்செய்து, செயற்கை ஒளியில் செடி வளர்க்கும் அறையாக மாற்றிக் கொடுப்பது என்பது தீர்மானம். சங்கத்தின் கையிருப்பில் ஒரு நல்ல பகுதி இதற்குப் போய்விடும். விலைப்பட்டியல்கூட வந்துவிட்டது. அதில் ஒரு வரி: 'தூரச்சிவப்பு விளக்கு, பூத்தலைத் தூண்டுவது.' மற்ற விளக்கைவிட விலை கூடுதல். நம் பொருளாளர் போனில் என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, ஏத்தினா எரியுதா இல்லையான்னே தெரியாதாமே, அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?" நியாயமான கேள்வி. என் பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான். மற்றவர்கள் கூட இருந்து கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். வானவில்லில் ஊதாவில் தொடங்கி சிவப்பில் முடிக்கிறோம். முடிப்பது நம் கண். ஒளி அங்கே முடிவதில்லை. 700 நானோமீட்டரைத் தாண்டி 800 வரை உள்ள பகுதியைத் தூரச்சிவப்பு என்கிறோம். அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விளக்கை ஏற்றினால் நீறு பூத்த தணல் மாதிரி மங்கலாக ஒரு கருஞ்சிவப்புத் தெரியும், அவ்வளவுதான். பொருளாளருக்கு வந்த சந்தேகம் யாருக்கும் வரும். ஆனால் செடி அப்படிப் பார்ப்பதில்லை. அதற்கு இந்த ஒளி, ஒரு சேதி.

என்ன சேதி? நண்பகல் வெயிலில் சிவப்பும் தூரச்சிவப்பும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கும். சிவப்பு ஒரு பிடி கூடுதல், 1.2-க்கு 1 என்ற கணக்கில். ஒரு மரத்தடிக்குப் போனால் கதை மாறிவிடும். மேலே இருக்கும் இலைகள் உணவு தயாரிக்கச் சிவப்பை உறிஞ்சிக்கொள்கின்றன. தூரச்சிவப்பு அவற்றுக்கு அவ்வளவாக வேண்டாம், கீழே விட்டுவிடுகின்றன. அடர்ந்த நிழலில் அந்த விகிதம் 0.2, 0.1 என்றுகூட இறங்கிவிடும். ஆகவே கீழே முளைத்த நாற்றுக்குத் தூரச்சிவப்பு மிகுந்தால், "உன் தலைக்கு மேலே இன்னொருத்தன் இருக்கிறான்" என்று பொருள். அது என்ன செய்யும்? தண்டை நீட்டி எட்டிப் பார்க்கும். எட்ட முடியாது என்று தோன்றினால், இருக்கிற உயிரை வைத்துக்கொண்டு சீக்கிரம் பூத்துக் காய்த்து விதையை விட்டுவிடப் பார்க்கும். பூப்பதற்கும் தூரச்சிவப்புக்கும் உள்ள உறவில் ஒரு பாதி இந்த நிழல் கதை. மறு பாதி இரவின் கதை. அது சற்று நீளமானது.

பிரான்சில் ஜூலியன் தூர்னுவா என்ற இளைஞர், சணல் வகைச் செடியையும் ஹாப்ஸ் கொடியையும் வைத்து 1912 முதல் வேலை செய்தார். பகல் குட்டையானால் இவை அவசரமாகப் பூக்கின்றன என்று கண்டார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1914-இல் எழுதவும் செய்தார். அதே ஆண்டு முதல் உலகப் போர் வந்தது. போர்முனைக்குப் போனார், திரும்பவில்லை. அவர் இருந்திருந்தால் நம் பாடப் புத்தகத்தில் அமெரிக்கப் பெயர்களுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்திருக்கும்.

அமெரிக்கப் பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: கார்னர், அல்லார்ட். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வேளாண்மைத் துறையின் பண்ணை. மேரிலாந்து மாமத் என்று ஒரு புகையிலை. கோடை முழுக்க வளர்ந்துகொண்டே போகும், ஆள் உயரத்தைத் தாண்டி ஒன்றரை ஆள் உயரம் போகும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்தால், முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். உரம், வெப்பம், ஈரம் எல்லாம் பார்த்துச் சலித்தபின், 1918 கோடையில் செடிகளைச் சாயங்காலம் ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பார்த்தார்கள். பூத்தது! 1920-இல் கட்டுரை வந்தது. ஒளிக்காலத்துவம் என்று நாம் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதினோமே, அது இதுதான்.

நம்மூர்ப் பகல் கணக்கை இங்கே ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். வாஷிங்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். சென்னையில் ஒன்றரை மணிதான். "அப்போ நம்ம செடிக்கு இதெல்லாம் பொருட்டா?" என்று கேட்கலாம். பொருட்டுதான். நம் பழைய சம்பா நெல் வகைகள் எப்போது விதைத்தாலும் ஐப்பசி கார்த்திகையை ஒட்டித்தான் கதிர் தள்ளும் என்று தாத்தாமார்கள் சொல்வார்களே, அந்த ஒன்றரை மணிக்குள் நெல் கணக்குப் பார்த்ததுதான் அது. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 இந்தக் கணக்கே பார்க்காத ரகம். அதனால்தான் ஆண்டு முழுக்க எந்தப் பட்டத்திலும் போட முடிந்தது.

சரி, செடி எண்ணுவது பகலையா, இரவையா? 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தையை வைத்து இதைத் தீர்த்தார்கள். ஆமாம், நம் புறம்போக்கில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் அதே முள்ளுக்காய்ச் செடிதான். அதற்கு எட்டரை மணிக்கு மேல் நீளும் ஒரே ஓர் இரவு போதும், பூத்துவிடும். ஆனால் அந்த இரவின் நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் போச்சு. பகலின் நடுவில் இருட்டுக் காட்டினால் ஒன்றும் ஆகாது. அதாவது, 'குறும்பகல் தாவரம்' என்ற பெயரே சற்றுத் தவறு. அது நெடு இரவுத் தாவரம். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி மாற்ற முடியாது. ஊரில் பல பேருக்குப் பட்டப்பெயர் நிற்பது போலத்தான்.

இரவை உடைக்கும் வெளிச்சம் எந்த நிறம் என்று தேடிப் போனவர்கள்தான் நம் கதாநாயகர்கள். மேரிலாந்தில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் வேளாண்மைத் துறை ஆய்வகம். ஹாரி போர்த்விக் தாவரவியலாளர். ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் வேதியியலாளர், மலையேற்றக்காரரும்கூட. மரியன் பார்க்கர் மூன்றாமவர். கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஓர் அறை நீளத்துக்கு வானவில்லை விரித்து, அதில் வரிசையாகச் சோயாச் செடிகளை வைத்தார்கள். ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு சிற்றிலையை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டார்கள். இரவின் நடுவில் எந்த நிறம் பட்ட இலை பூப்பதைத் தடுக்கிறது? 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு.

அதன் பிறகு வந்தது அந்த அழகான சோதனை. கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற லெட்டூஸ் கீரையின் விதை. இருட்டில் சரியாக முளைக்காது. விதை ஆராய்ச்சியாளர்களான ஈபன் டூல், விவியன் டூல் தம்பதி இதில் சேர்ந்தார்கள். சிவப்பு ஒரு நிமிடம் காட்டினால் நூற்றுக்கு 70 முளைத்தது. சிவப்பு காட்டி உடனே தூரச்சிவப்பு காட்டினால் 6. மறுபடி சிவப்பு: 74. மறுபடி தூரச்சிவப்பு: 6. இப்படி மாற்றி மாற்றி எத்தனை தடவை காட்டினாலும், கடைசியாக எது பட்டதோ அதன் சொல்தான் செல்லும். 1952-இல் வெளிவந்தது. சுவரில் இருக்கும் ஸ்விட்சை எத்தனை தடவை தட்டினாலும் கடைசித் தட்டுதானே கணக்கு!

இந்த ஸ்விட்ச் ஒரே நிறமியின் இரண்டு வடிவங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். ஒன்று சிவப்பை உறிஞ்சி மற்றொன்றாக மாறும். அது 730-ஐ ஒட்டிய தூரச்சிவப்பை உறிஞ்சிப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நிறமியை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. 'இது இவர்கள் கற்பனையில் மட்டும் இருக்கும் நிறமி' என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். 1959-இல் வாரன் பட்லரும் மற்றவர்களும் சேர்ந்து, இருட்டில் முளைத்த மக்காச்சோள நாற்றில் கருவி வைத்து அதை அளந்து காட்டிவிட்டார்கள். ஃபைட்டோகுரோம் என்று பெயரும் வைத்தார்கள். கேலி பேசியவர்கள் அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்பதைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை.

இதுவரை பாடப் புத்தகம். இனிமேல்தான் காசு விஷயம், கொஞ்சம் கவனியுங்கள்.

நிறமி இரண்டு வடிவமாக இருக்கிறது, இருட்டில் அது தானாகவே மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்று தெரிந்தவுடன், எல்லோருக்கும் ஓர் எளிய விளக்கம் தோன்றியது. மணல் கடிகாரம் மாதிரி! அந்தி சாயும்போது நிரம்பியிருக்கும் வடிவம் இரவெல்லாம் வடிகிறது. வடிந்து முடிந்தால் 'இரவு போதும், பூ' என்று செடி முடிவு செய்கிறது. அப்படியானால் விளக்கை அணைத்தவுடன் பத்து நிமிடம் தூரச்சிவப்பு காட்டினால்? மணல் முழுக்க ஒரே நொடியில் கொட்டிவிடும். இரவு பன்னிரண்டு மணி வேண்டிய செடிக்குப் பத்து மணி போதும். பகலை இரண்டு மணி நீட்டிக்கலாம், செடி கூடச் சாப்பிடும், கூடப் பூக்கும். எவ்வளவு சுகமான கணக்கு!

இந்தக் கணக்கைத்தான் விலைப்பட்டியலோடு வந்த துண்டறிக்கையில் அச்சடித்திருக்கிறார்கள். 'செடியை உடனே தூங்க வைக்கும் விளக்கு' என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மணல் கடிகார விளக்கம் ஆராய்ச்சியாளர்களிடமே 1960-களில் ஆட்டம் கண்டுவிட்டது. ஜப்பானில் மார்னிங் குளோரி கொடி இருக்கிறது. அதுவும் நெடு இரவில் பூப்பது. அதற்கு அந்தியில் தூரச்சிவப்பு காட்டினால் சில நிலைமைகளில் பூப்பது கூடாது, குறையும்! நிறமியின் அந்த வடிவம் இரவின் தொடக்கத்தில் சற்று நேரம் இருந்தாக வேண்டும் என்று அந்தக் கொடி சொல்கிறது. மணல் கடிகாரத்தில் இதற்கு இடமே இல்லை.

உண்மையில் இரவை அளப்பது நிறமி இல்லை. செடிக்குள் ஓடும் உயிர்க்கடிகாரம். எர்வின் ப்யூனிங் 1936-லேயே சொன்னது. கடிகாரம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கதவைத் திறந்து பார்க்கிறது. அந்த நேரத்தில் வெளியே வெளிச்சமா இருட்டா என்று சொல்லும் வாயிற்காவலன்தான் ஃபைட்டோகுரோம். பூக்கலாம் என்று முடிவானால் இலையில் ஒரு புரதம் உண்டாகி, சாறோடு ஓடி, நுனி மொட்டுக்குப் போகிறது. ரஷ்யாவின் சைலாகியான் 1930-களில் ஃபுளோரிஜென் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பொருள் எது என்று உறுதியாகத் தெரியவந்தது 2007-இல்தான். நாங்கள் படிக்கும்போது 'ஃபுளோரிஜென் இதுவரை பிரித்தெடுக்கப்படவில்லை' என்று எழுதி மார்க் வாங்கினோம். இன்றைய மாணவர்கள் அப்படி எழுதிவிடாதீர்கள்.

ஆக, வாயிற்காவலனுக்கு லஞ்சம் கொடுத்தால் கடிகாரம் வேகமாக ஓடிவிடாது. அந்தித் தூரச்சிவப்பால் குறும்பகல் செடியின் இரவைத் தாராளமாகச் சுருக்கிவிடலாம் என்பது எல்லாச் செடிக்கும் பொருந்தும் உண்மை இல்லை. செடிக்குச் செடி, ரகத்துக்கு ரகம் மாறுகிறது. சொல்பவர் உங்கள் செடியில், உங்கள் ரகத்தில் செய்து காட்ட வேண்டும்.

அப்படியானால் தூரச்சிவப்பு விளக்கே வீணா? இல்லை, இல்லை. பொருளாளர் அவசரப்பட்டுப் பேனாவை எடுக்க வேண்டாம்.

நம் கல்லூரியில் எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்த ஒரு தம்பி ஓசூர் பக்கம் நிழல்வலைக் குடிலில் தொட்டிப் பூச்செடி வளர்க்கிறான். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். ஒரு பக்கம் சாமந்தி, மறுபக்கம் பெட்டூனியா. சாமந்தி நெடு இரவு வேண்டுவது. நம்மூர் இரவு அதற்கு ஆண்டு முழுக்கவே போதுமான நீளம். அதனால் நாற்று நட்டவுடன் குட்டையாக இருக்கும்போதே மொட்டு வைக்கப் பார்க்கும். அதைத் தடுக்க முதல் சில வாரம் நடு இரவில் பல்பு போட்டு இரவை உடைப்பார்கள். ஓசூர் பக்கமும், கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் பக்கமும் ராத்திரி பஸ்ஸில் போனால், வயலெல்லாம் கல்யாண வீடு மாதிரி பல்பு எரிவதைப் பார்க்கலாம். ஜப்பானில் ஐச்சி மாநிலத்திலும் ஒக்கினாவாவிலும் இதையே பல காலமாகச் செய்கிறார்கள். பெட்டூனியா நேர் எதிர். நீண்ட பகல் கிடைத்தால் சீக்கிரம் பூக்கும். அதற்கும் குளிர்காலத்தில் அதே பல்புதான் போட்டுவந்தான்.

இரண்டுக்கும் அப்போது இருந்தது பழைய குண்டு பல்பு, டங்ஸ்டன் இழை போட்டது. பிறகு மின் கட்டணத்துக்குப் பயந்து வெள்ளை எல்.இ.டி.க்கு மாற்றினான். எல்லோரும் மாற்றிய காலம்தானே; 2015-இல் உஜாலா திட்டம் வந்தபின் குண்டு பல்பு வாங்கவும் ஆளில்லை. சாமந்தி ஒரு குறையும் சொல்லவில்லை. பெட்டூனியா மட்டும் அடம் பிடித்தது. புத்தாண்டுக்கு என்று முன்பணம் வாங்கிய தொட்டிகள் பொங்கலுக்குத்தான் பூத்தன. வங்கிக் கடன் தவணையும் பொங்கலுக்கு நகர்ந்துவிடுமா என்ன? விதை சரியில்லை, மண் கலவை சரியில்லை என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். எனக்குப் போன் செய்தான்: "அண்ணா, எல்லாம் போன வருஷம் மாதிரிதான் பண்ணேன். பல்பு ஒண்ணுதான் மாத்தினேன்."

அவன் சொன்ன கடைசி வார்த்தையில்தான் பதில் இருந்தது. குண்டு பல்பு மின்சாரத்தைச் சூடாக வீணாக்குகிறது என்று திட்டுகிறோம். அந்தச் சூட்டின் ஓரத்தில் ஏராளமான தூரச்சிவப்பு வரும். சிவப்பைவிடக் கூடுதலாகவே வரும். வெள்ளை எல்.இ.டி. நம் கண்ணுக்காகச் செய்தது. கண்ணுக்குத் தெரியாததை அது ஏன் வெளியிட வேண்டும்? சாமந்தியின் இரவை உடைக்கச் சிவப்பு போதும், அது வெள்ளையில் இருக்கிறது. ஆனால் பெட்டூனியா, ஸ்னாப்டிராகன் போன்ற பல நெடும்பகல் செடிகளுக்குச் சிவப்போடு தூரச்சிவப்பும் சேர்ந்து வந்தால்தான் 'இது நீண்ட பகல்' என்று முழுசாக நம்பும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எரிக் ரங்கில் குழுவினர் இதைச் செடி செடியாகச் சோதித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2009 முதல் 2012-க்குள் குண்டு பல்பு விற்பனை படிப்படியாக நின்றபோது அங்கே உள்ள நாற்றுப்பண்ணைக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி வந்தது. சிவப்பு, வெள்ளை, தூரச்சிவப்பு மூன்றும் கலந்த பூப்பு விளக்குகள் அதற்காகவே சந்தைக்கு வந்தன. தம்பியும் அடுத்த ஆண்டு பெட்டூனியா பக்கம் மட்டும் அந்த மாதிரிக் கலவை விளக்கு போட்டான். இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கே பூ வந்துவிட்டது. தண்டு கொஞ்சம் நீண்டுவிட்டது என்ற குறை மட்டும் உண்டு. தூரச்சிவப்புக்கு நிழல் கதையும் உண்டே, ஒன்றை வாங்கினால் மற்றதும் கூட வரும்.

இதில் ஒரு சிக்கனச் செய்தி இருக்கிறது, பொருளாளருக்காகச் சொல்கிறேன். செடிக்குப் பூக்கும் சேதி சொல்ல வேண்டிய ஒளி மிக மிகக் குறைவு. சதுர மீட்டருக்கு விநாடிக்கு ஒன்று, இரண்டு மைக்ரோமோல் போதும். உணவு தயாரிக்க வேண்டிய ஒளி அதைப்போல நூறு மடங்கு, இருநூறு மடங்கு. தபால் கார்டு விலை வேறு, சாப்பாட்டு விலை வேறு. ஆகவே தூரச்சிவப்பு விளக்கு அறை முழுக்க வேண்டாம். அலமாரிக்கு ஒன்று போதும். உணவுக்கும் தூரச்சிவப்பு உதவும் என்பது இன்னொரு சங்கதி. தனியாகக் கொடுத்தால் அநேகமாக வீண். வேறு ஒளியோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து கணக்குக்கு மேலே வேலை செய்யும். எமர்சன் 1957-இல் கண்டது. 2020-இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜென்னும் பக்பீயும் அதைப் பயிர்களில் மறுபடி நிறுவினார்கள். அதை இன்று விட்டுவிடுகிறேன், பந்தி நெருங்குகிறது.

வீட்டுக்குள் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகள் இங்கே பல பேர். உங்களுக்கு ஒரு வார்த்தை. பாயின்செட்டியா என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு இலையோடு வாங்குகிறீர்களே, அடுத்த ஆண்டு ஏன் சிவக்கவில்லை என்று கேட்பீர்கள். கலாஞ்சோவும் அப்படியே. கூடத்தில் ராத்திரி பதினொரு மணி வரை டியூப்லைட் எரிந்தால் அதற்கு இரவே வரவில்லை என்று பொருள். தூரச்சிவப்பு விளக்கு வாங்க வேண்டாம். அக்டோபரிலிருந்து இரண்டு மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியால் மூடி, காலை எட்டுக்குத் திறங்கள். செலவு ஒன்றுமில்லை. மறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

இப்போது நம் அறைக்கு வருகிறேன். என் யோசனை இது.

விளக்கு வாங்கும் முன் இருட்டு வாங்குங்கள். அந்த ஸ்டோர் ரூம் கதவில் விரல் நுழையும் இடுக்கு இருக்கிறது. எதிரே விடுதிச் சாலை விளக்கு. இரவு நேரத்தில் யாராவது 'செடி எப்படி இருக்கு' என்று செல்போன் டார்ச்சோடு எட்டிப் பார்த்தால், மருளூமத்தை மாதிரி உணர்ச்சியுள்ள செடிக்கு அந்த இரவு கெட்டது. இரட்டைக் கறுப்புத் திரை, கதவுக்கு ரப்பர் பட்டை, ஒவ்வொரு அலமாரிக்கும் தனி டைமர். இவை இல்லாமல் எந்த விளக்கும் எதையும் நிரூபிக்காது.

தூரச்சிவப்பு விளக்கு தனி ஸ்விட்சோடு வரட்டும். வெள்ளையோடு சேர்த்து ஒட்டியது வேண்டாம். சேர்ந்தே எரிந்தால் எது என்ன செய்தது என்று மாணவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? விற்பவரிடம் நிறமாலை வரைபடம் கேளுங்கள். உச்சி 730-ஐ ஒட்டி இருக்க வேண்டும். காவல் கேமராவுக்குப் போடும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கையே 'தூரச்சிவப்பு' என்று தலையில் கட்டிவிடும் ஆட்கள் உண்டு. அதுவும் மங்கலாகத்தான் தெரியும். ஃபைட்டோகுரோமுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

வரைபடத்தையும் நம்ப வேண்டாம், பீன்ஸை நம்புங்கள். பெல்ட்ஸ்வில்காரர்களே 1957-இல் செய்து காட்டிய சோதனை இது. முதலாமாண்டு மாணவர்கள்கூடச் செய்யலாம். மூன்று தட்டில் பீன்ஸ் நாற்று. மூன்றுக்கும் பகலில் ஒரே வெள்ளை ஒளி. சாயங்காலம் முதல் தட்டு நேரே இருட்டுக்குப் போகட்டும். இரண்டாவதற்குப் பத்து நிமிடம் தூரச்சிவப்பு, பிறகு இருட்டு. மூன்றாவதற்குப் பத்து நிமிடம் தூரச்சிவப்பு, உடனே பத்து நிமிடம் சிவப்பு, பிறகு இருட்டு. ஒரு வாரம் கழித்து ஸ்கேல் வைத்து அளங்கள். இரண்டாவது தட்டு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீண்டு, மூன்றாவது முதல் தட்டைப் போலவே இருந்தால் விளக்கு அசல். இரண்டாவது நீளவில்லை என்றால் விளக்கைத் திருப்பி அனுப்புங்கள். ஆகவே விலைப்பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பதினைந்து நாள் சோதனைக்குப் பிறகே முழுப் பணம்.

அடுத்து அந்தத் துண்டறிக்கை. அதில் சாமந்திக்குப் பதின்மூன்றரை மணி பகல் கொடுத்து, அந்தியில் தூரச்சிவப்பும் கொடுத்து, பூத்த படம் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பன்னிரண்டு மணிப் பகலில் பூத்த செடி. பார்த்தவுடன் மயங்கத்தான் தோன்றும். அந்தப் படத்தில் இல்லாத தொட்டி எது என்று மாணவர்கள் யோசியுங்கள். பதின்மூன்றரை மணிப் பகல், தூரச்சிவப்பு கிடையாது. அந்தத் தொட்டி எங்கே? பல சாமந்தி ரகங்கள் அந்தப் பகலில் எந்த உதவியும் இல்லாமலே மொட்டு வைத்துவிடும். அப்படியானால் விளக்குக்கு என்ன வேலை? ஓசூர் தம்பி இருபது தொட்டியில் இதைச் செய்து பார்த்தான், அந்த நடுத் தொட்டிகளையும் சேர்த்து. பூத்த நாளில் வித்தியாசம் இல்லை. தூரச்சிவப்பு பட்டவற்றில் தண்டு மட்டும் நீண்டது. இருபது தொட்டி பெரிய ஆராய்ச்சி ஆகாது. வேறு ரகத்தில் வேறு மாதிரி வரலாம். அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சோதனையை நம் அறையின் முதல் ப்ராஜெக்டாக எடுங்கள். பன்னிரண்டு மணி, பதின்மூன்றரை மணி, பதின்மூன்றரையோடு தூரச்சிவப்பு. நம் மாவட்டத்தில் விற்கும் நாலு ரகம். மொட்டு தெரிந்த நாள், பூத்த நாள், தண்டின் நீளம். முடிவு எப்படி வந்தாலும் அச்சடித்து விவசாயிகளுக்குக் கொடுங்கள். கடன் வாங்கி விளக்கு வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

பொருளாளர் அவர்களே, ஆகமொத்தம் தூரச்சிவப்பு விளக்குகளை நாலாகக் குறைத்துவிடுங்கள். மிச்சமாகும் பணம் டைமருக்கும் திரைக்கும் சரியாகப் போகும். கதவு இடுக்கை அடைக்கும் தச்சு வேலைச் செலவு எங்கள் வகுப்பின் பொறுப்பு. நேற்று ராத்திரியே விடுதி அறையில் வசூல் செய்துவிட்டோம், இரண்டு பேர் மட்டும் பாக்கி. அவர்கள் யார் என்று பந்தியில் சொல்கிறேன்.

கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள்.